பொது அறிவு பீரியட்

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் மடிச்சு வெச்சுக்கறீங்களா சார்? காத்துக்குப் பறந்து மூஞ்சியில அடிக்குது. அது சும்மா ஒரு சாக்கு, உண்மையைச் சொல்லிடறேன். அந்தப் பக்கத்தைப் பாத்தாலே எனக்குக் குமட்டுது. ‘சந்தேகப்பட்ட ஆளை வம்புக்கு இழுக்கச் சொல்லி போலீசுக்குப் பயிற்சியிலேயே கத்துக் குடுக்கறாங்களா?’ கொட்டை எழுத்துல போட்டிருக்கான் பாருங்க. எழுதினவன் ஒருநாள் வெயில்ல லத்தியைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருப்பானா? ரோட்டுல ஒருத்தனை நிறுத்தி, ‘லைசென்ஸ் எடு’ன்னு கேட்டிருப்பானா? சீ.

நீங்க வாத்தியார்தானே? சட்டைப் பையில சிவப்புப் பேனாவைப் பாத்தேன். நானும் வாத்தியார்தான் சார். போலீஸ் பயிற்சிப் பள்ளியில. எந்த ஊருன்னு கேக்காதீங்க. சப்-இன்ஸ்பெக்டரா ரிட்டயர் ஆனேன். சேதுராமலிங்கம்னு பேரு, பசங்களுக்கு சேது வாத்தியார். இன்னைக்கு இந்த ஜில்லாவுல எந்த ஸ்டேஷனுக்குப் போய் என் பேரைச் சொன்னாலும் ஒருத்தன் எந்திரிச்சு நாற்காலி போடுவான். நீங்க எங்க இறங்கணும்? பரமக்குடியா? நானும் அங்கதான். என் சம்சாரம் அங்க அவ தம்பி வீட்டுல இருக்கா. கூட்டிட்டு வரலாம்னு போறேன். போன தடவை வாசல்லயே நிக்க வெச்சுட்டாங்க. அதை விடுங்க.

அப்படி ஒரு பாடம் கிடையாது சார். நான் சத்தியம் பண்ணிச் சொல்றேன். சிலபஸை எடுத்துப் பாருங்க. சட்டம் இருக்கு, கவாத்து இருக்கு, துப்பாக்கி இருக்கு, முதலுதவி இருக்கு, பொதுமக்கள்கிட்ட எப்படிப் பழகணும்னு ஒரு புத்தகமே இருக்கு. வம்புக்கு இழுன்னு ஒரு வரி இருக்காது. இருந்தா நான் என் மீசையை எடுத்துடறேன்.

சிலபஸ்ல இல்லாத விஷயம் கொஞ்சம் இருக்கும். அது எல்லா உத்தியோகத்துலயும் இருக்கு. உங்க ஸ்கூல்ல இல்லையா? ஒரு பையனை எப்படி அடக்கணும்னு உங்களுக்கு பி.எட்.லயா சொல்லிக் குடுத்தாங்க? மூத்த வாத்தியார் யாராவது காதுல போட்டிருப்பார். அந்த மாதிரிதான். சாப்பாட்டுக்கு அப்புறம் மைதானத்துல கால் வெக்க முடியாது, அவ்வளவு சூடு. அந்த நேரத்துக்கு டைம்டேபிள்ல ‘பொது அறிவு’ன்னு போட்டிருக்கும். அதுக்கு வாத்தியாரே கிடையாது. நான் எடுத்துக்குவேன். பசங்க அதை நாற்காலி பீரியட்னு சொல்லுவாங்க. மத்த வகுப்புல தூங்கி விழறவன்கூட அதுல கண்ணு முழிச்சு உட்கார்ந்திருப்பான்.

என்ன பண்ணுவோம்னா, நடுவுல ஒரு நாற்காலி. அதுல ஒரு பையன் உட்காரணும். அவன்தான் சந்தேகப்பட்ட ஆள். இன்னொரு பையன் எதிர்ல நிப்பான். அவன் போலீஸ். போலீஸ் தொடக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, சத்தம் போடக் கூடாது. ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேரா கூப்பிக்கணும், கும்பிடற மாதிரி. அப்படியே மெதுவா பேசணும். பேசிப் பேசி உட்கார்ந்திருக்கறவனோட கையை எழுப்பணும். கை எழுந்துட்டா ஜெயிச்சாச்சு. அவ்வளவுதான் சார். இதுல என்ன வம்பு இருக்கு?

எதுக்குன்னு கேப்பீங்க. ஒரு ஆள் மேல சந்தேகமா இருக்கு, பையைப் பாத்தா ஒண்ணும் இல்லை, பேரைக் கேட்டா சரியாச் சொல்றான். என்ன பண்ணுவீங்க? விட்டுடுவீங்க. அவன் போய் நாளைக்கு ஒரு தாலியை அறுப்பான். அதே ஆள் நாலு பேர் பாக்க யூனிஃபார்ம் மேல கையை ஓங்கிட்டான்னு வெச்சுக்கங்க, கேஸ் தன் கால்ல நிக்கும். நாம ஒண்ணும் சேர்க்க வேண்டாம். இப்ப எல்லார் கையிலயும் போன் இருக்கு. வீடியோவுல என்ன விழும்? போலீஸ் கும்பிட்டுக்கிட்டு நிக்கறது விழும், அவன் கை வர்றது விழும். மெதுவா பேசினது எங்க விழப்போகுது. இதை நான் பசங்களுக்கு எப்பவோ சொல்லிட்டேன், இவனுங்க எல்லாம் வீடியோ வீடியோன்னு கூவறதுக்கு முன்னாடியே.

இன்னொண்ணும் சொல்லுவேன். அவன் பக்கத்துல யார் நிக்கறாங்கன்னு பாரு. பொம்பளை நின்னா அவளைப் பாக்காதே, இவனைப் பாத்துக்கிட்டே பேசு. ‘யாரு’ன்னு கேளு. அவன் ஒரு உறவு சொல்லுவான். அதையே எடுத்து அவன்கிட்டத் திருப்பிக் குடு. அக்கான்னு சொல்றானா? ‘எல்லாரும் அக்கான்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போறாங்க தம்பி, எவ்வளவு கேட்டா?’ முடிஞ்சுது. இதுல எங்கயாவது ஒரு கெட்ட வார்த்தை இருக்கா, சொல்லுங்க. ‘தம்பி’ன்னு வேற மரியாதையாக் கூப்பிடுறோம்.

எந்திரிக்காத ஆளும் உண்டு. ஆயிரத்துல ஒருத்தன். அவன் என்ன பண்ணுவான்னா, ரெண்டு கையையும் பின்னால கட்டிக்குவான். நாம பேசி முடிக்கற வரைக்கும் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருப்பான். கடைசியில ‘முடிஞ்சுதா சார்?’னு கேப்பான். அந்த மாதிரி ஆள்கிட்ட ஒண்ணும் நடக்காது, நேரத்தை வீணாக்காம விட்டுட்டு அடுத்தவனைப் பாருன்னு பசங்களுக்குச் சொல்லியிருக்கேன்.

ஜெயபாண்டின்னு ஒரு பையன். உசிலம்பட்டிப் பக்கம். அப்பன் இல்லை, அம்மா பஸ் ஸ்டாண்டுல இட்லிக்கடை போட்டுப் படிக்க வெச்சவ. நல்ல ஓட்டக்காரன், ஆனா வாய் வராது. ஒருநாள் அவனை நாற்காலியில உட்கார வெச்சு நானே பேசினேன். விடிகாலையில கடை போடற பொம்பளைகிட்ட லாரிக்காரனுங்க இட்லி மட்டும்தான் கேப்பானுங்களான்னு கேட்டேன். ‘எங்கம்மா சார்’னான். ‘எல்லாரும் அம்மான்னுதாம்ப்பா சொல்றாங்க’ன்னேன். எந்திரிச்சான் பாருங்க, நாற்காலிக் கால் ஒடிஞ்சு போச்சு. நாலு பேர் பிடிச்சாங்க. பாத்ரூமுக்குள்ள போய் உட்கார்ந்துக்கிட்டு அழுதான். சாயங்காலம் அவனே வந்து என் கால்ல விழுந்தான். ‘மன்னிச்சுக்கங்க சார், கையை ஓங்கிட்டேன்’னான். தட்டிக் குடுத்து அனுப்பினேன். அதுக்கப்புறம் அந்த பேட்ச்லயே அவனை மாதிரி கையை எழுப்பறதுக்கு ஆள் இல்லை. வாய் வராதுன்னவன். அதுதான் சார் பயிற்சி.

எனக்கு எப்பவும் ஒரு பழக்கம். புதுசா ஏதாவது பேச்சு தோணினா வீட்டுல பேசிப் பாத்துட்டுத்தான் வகுப்புக்குக் கொண்டு போவேன். நீங்க வீட்டுல பாடத்தைப் படிச்சுப் பாத்துட்டுப் போறதில்லையா? எனக்கு ஒரே பையன், மாதவன். அப்ப பள்ளிக்கூடம் படிச்சுக்கிட்டு இருந்தான். அவனை உட்கார வெச்சுப் பேசுவேன், சும்மா விளையாட்டுக்குத்தான். அவன் தாங்க மாட்டான். கண்ணுல தண்ணி வந்துடும், எந்திரிச்சு உள்ள போயிடுவான். ஆம்பளைப் பிள்ளையா நீன்னு கேப்பேன். என் சம்சாரம் காந்திமதி அந்த நேரம் பாத்து சமையல்கட்டுல மிக்சியை ஓட விடுவா. உள்ள ஒண்ணும் இருக்காது சார், வெறும் ஜார். சத்தம் மட்டும் வரும். மோட்டார் போயிடும்டின்னு எத்தனையோ தடவை திட்டியிருக்கேன்.

இந்தக் கண்டக்டரைப் பாருங்க, அந்தப் பாட்டுக் கேக்கற பையனை ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கறான். பஸ்ஸு முழுக்க அவன் பாட்டைத்தான் கேக்கணுமாம். ஒழுக்கம் எங்கயும் இல்லை சார். இருக்கட்டும்.

எங்க விட்டேன்? மாதவன். எம்.ஈ. படிச்சான். அரசு பாலிடெக்னிக்கு வாத்தியார் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிட்டான். சர்ட்டிபிகேட் எல்லாம் பாத்தாச்சு. ஆர்டர் கைக்கு வர வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் காந்திமதிக்குக் கண்ணுல ஆபரேஷன். புரை எடுத்திருந்தாங்க. கறுப்புக் கண்ணாடியைப் போட்டு வண்டியில பின்னால உட்கார வெச்சுக் கூட்டிட்டு வந்திருக்கான். ஹெல்மெட் போட்டா கண்ணாடி அழுத்துது, கண்ணு வலிக்குதுன்னு அவ மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. புறவழிச்சாலையில செக்கிங். நிறுத்திட்டாங்க.

நிறுத்தினது தப்பே இல்லை. பின்னால உட்கார்றவங்களும் ஹெல்மெட் போடணும்னுதான் சட்டம். இவன் என்ன பண்ணணும்? ‘கண்ணு ஆபரேஷன் சார்’னு சொல்லிட்டு, கட்டச் சொன்னதைக் கட்டிட்டு வந்திருக்கணும். அதை விட்டுட்டு, ‘உங்க சட்டையில பேர் பேட்ஜைக் காணோமே சார்’னு கேட்டிருக்கான். படிச்ச திமிரு. அந்தப் போலீஸ்காரனுக்குச் சுர்ருனு ஏறத்தானே செய்யும்? ஆனா அவன் கோபப்படலை. ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டான். ‘பின்னால யாரு தம்பி?’ன்னு மெதுவாக் கேட்டான்.

ஆமா சார். அவனேதான். ஜெயபாண்டி.

அவனுக்கு இது யார் வீட்டுப் பிள்ளைன்னு தெரியாது. பாவி, தெரிஞ்சா பேசியிருப்பானா? இவன் ‘எங்கம்மா’ன்னிருக்கான். அவன் ‘எல்லாரும் அம்மான்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போறாங்க தம்பி, எவ்வளவு கேட்டா?’ன்னிருக்கான். இவன் விட்டான் ஒரு அறை. தொப்பி போய் ரோட்டுல விழுந்துச்சு. எதிர்ல பஞ்சர் கடைக்காரன் போன்ல எடுத்துட்டான். நானும் பாத்தேன் சார், எல்லாரும் பாத்தாங்க. கும்பிட்டுக்கிட்டு நிக்கற போலீசை ஒரு படிச்ச பையன் அறையறான். பாக்கறவனுக்கு யார் மேல கோபம் வரும்? எனக்கே அந்தத் தொப்பி மண்ணுல கிடக்கறதைப் பாத்துக் கண்ணு கலங்கிடுச்சு.

அன்னைக்குக் காந்திமதி வீட்டுக்கு வந்தா. கண்ணாடியைக் கூடக் கழட்டலை. நேரா என் முன்னாடி நின்னுக்கிட்டு, ‘அந்தப் பேச்சை நான் நம்ம வீட்டுல கேட்டிருக்கேன்’னா. சொல்லிக் குடுத்ததை மறக்காத நல்ல மாணவன் அவன். ‘ஆள் பாத்துப் பேசத் தெரியாத முட்டாள், நான் போன் பண்ணிக் கேக்கறேன்’னேன். ‘வேற வீட்டு அம்மான்னா பேசலாமா?’ன்னா. பொம்பளைங்களுக்கு இந்த மாதிரி விஷயம் புரியாது சார். மத்த வீட்டைப் பத்தியா இப்பப் பேச்சு?

போன் பண்ணினேன். துடிச்சுப் போயிட்டான். ‘ஐயோ சார், நம்ம அம்மாவா’ன்னு அழுதான். ஆனா எப்ஐஆர் போட்டாச்சு, வீடியோ ஊர் பூரா சுத்தியாச்சு, மேல அதிகாரிங்க வரைக்கும் போயாச்சு. பணியில இருக்கற அரசு ஊழியரைத் தாக்கின கேஸ். இதுல தண்டனை ஆனா மாதவனுக்கு அந்த ஆர்டர் வராது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மாதவன் வக்கீலா ஒரு அம்மாவைப் பிடிச்சான். ரெஜினான்னு பேரு. அந்தம்மாவைப் பாத்தாலே எனக்குப் பிடிக்கலை. வீட்டுக்கு வந்து என்னைத் துளைச்சு எடுத்துட்டாங்க. வகுப்புல என்ன பண்ணுவீங்க, எப்படிப் பேசுவீங்கன்னு கேட்டாங்க. நான் வெகுளி சார், எல்லாத்தையும் சொன்னேன். நாற்காலியைப் போட்டு நடிச்சே காட்டினேன். அவங்க எல்லாத்தையும் எழுதிக்கிட்டு, ‘இதை நீங்க கோர்ட்டுல சொன்னாப் போதும் ஐயா. அது அடி இல்லை, அடிக்க வெச்சதுன்னு நான் காட்டிடுவேன், பையன் தப்பிச்சுடுவான்’னாங்க. நான் தலையை ஆட்டினேன். பெத்த பிள்ளை இல்லையா.

எனக்கு முன்னாடி காந்திமதி சாட்சி சொன்னா. அதைச் சொல்ல எனக்கு இன்னைக்கும் கூசுது. அத்தனை ஆம்பளைங்க உட்கார்ந்திருக்கற இடத்துல, ஜெயபாண்டி பேசின பேச்சை ஒரு எழுத்து விடாம, நிமிர்ந்து நின்னு சொல்றா. ‘அவ எவ்வளவு கேட்டான்னு கேட்டான்’னு சொல்றா. டைப் அடிக்கறவருக்குக் கேக்கலைன்னு இன்னொரு தடவை சொல்றா. ஒரு குடும்பப் பொம்பளை வாயில வர்ற பேச்சா சார் அது? எனக்கு உடம்பெல்லாம் புழு ஊர்ற மாதிரி ஆயிடுச்சு. முப்பது வருஷத்துக்கு மேல டிபார்ட்மெண்டுல இருந்து காப்பாத்தின மானம், கேவலம் ஒரு கூண்டுல போச்சு.

அப்புறம் என்னைக் கூப்பிட்டாங்க. ஏறினேன். அங்க ஜெயபாண்டி ஒரு ஓரமா யூனிஃபார்ம்ல நின்னுக்கிட்டு இருந்தான். என்னைப் பாத்ததும் குதிகாலைச் சேத்து ஒரு சல்யூட் அடிச்சான். கோர்ட்டுன்னு பாக்கலை, கேஸுன்னு பாக்கலை. அந்தக் கட்டை விரல் படிஞ்சிருந்த நேர்த்தி இருக்கே, நான் சொல்லிக் குடுத்தது. அவன் பின்னால என் பசங்க இன்னும் மூணு பேர் உட்கார்ந்திருந்தாங்க.

வக்கீலம்மா கேட்டாங்க: ‘சந்தேகப்பட்ட நபரைப் பேசித் தூண்டிவிட்டுக் கை ஓங்க வைக்கும்படி பயிற்சிப் பள்ளியில் சொல்லித் தரப்படுகிறதா?’

‘இல்லை’ன்னேன்.

அந்தம்மா என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. திரும்பக் கேட்டாங்க. ‘அப்படி ஒரு பாடம் கிடையாது’ன்னேன். ‘நாற்காலி வகுப்புன்னு ஒண்ணு நடந்துதா?’ன்னு கேட்டாங்க. ‘அந்த நேரத்துல நடந்தது பொது அறிவு வகுப்புங்கம்மா’ன்னேன். ரெண்டு பேர் சிரிச்சாங்க. நான் சொன்னது பொய்யா சார்? நீங்க வாத்தியார், நீங்களே சொல்லுங்க. டைம்டேபிள்ல என்ன இருக்கோ அதைச் சொன்னேன். ஒரு ஆளுக்காக ஒரு டிபார்ட்மெண்டையே சந்தி சிரிக்க வெக்க முடியுமா? நாளைக்கு இந்தப் பேப்பர்க்காரனை மாதிரி எவனாவது எழுதறதுக்கு நானே எடுத்துக் குடுக்கணுமா?

நீதிபதி நல்லவர். வயசைப் பாத்து, படிப்பைப் பாத்து, அபராதம் போட்டுட்டு, கோர்ட் கலையற வரைக்கும் அங்கயே இருக்கணும்னுட்டார். அவ்வளவுதான் தண்டனை. ஜெயிலா, ஒண்ணா? சாயங்காலம் வரைக்கும் ஒரு ஓரத்துல நின்னான். மெலிஞ்சுதான் போயிட்டான். ஆர்டர் வரலை. வராது. தண்டனை தண்டனைதானாம், சின்னது பெருசு கிடையாதாம். இப்ப ஒரு டுட்டோரியல்ல பாடம் எடுக்கறான்னு கேள்விப்பட்டேன். காந்திமதி கோர்ட்டுல இருந்தே அவ தம்பி வண்டியில ஏறிப் போயிட்டா. வீட்டுக்கு வந்து ஒரு மாத்துப் புடவைகூட எடுத்துக்கலை.

கோர்ட் கலைஞ்சதும் நான் மாதவனை வராந்தாவுல பிடிச்சேன். பெத்த அப்பன், ஆறுதல் சொல்லலாம்னு போனேன் சார். ‘போனா போகுதுடா, வேற வேலை பாத்துக்கலாம்’னேன். பேசலை. ‘அப்பா நிலைமையைப் புரிஞ்சுக்கோ’ன்னேன். பேசலை. எனக்கு எரிச்சலா வந்துச்சு. ஆனா நான் சத்தம் போடலை. சுத்தி ஆளுங்க இருந்தாங்க. கையைக் கூப்பிக்கிட்டு மெதுவாத்தான் கேட்டேன். ‘உங்கம்மா பேச்சைக் கேட்டுத்தானே இப்படி நிக்கறே? புருஷன் வீட்டுக்கு வராம வண்டியேறிப் போறாளே, அவளுக்கு ஊர்ல என்ன பேரு வெப்பாங்க தெரியுமாடா? அம்மான்னு நீதான் சொல்லிக்கணும்’னேன். மெதுவாத்தான் சொன்னேன் சார், பக்கத்துல நின்னவனுக்குக்கூடக் கேட்டிருக்காது.

அவன் என்ன பண்ணினான்னா, ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டான். நான் பேசி முடிக்கற வரைக்கும் என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே நின்னான். கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்லை. அப்புறம், ‘முடிஞ்சுதா சார்?’னான்.

பெத்த அப்பனைப் பாத்து. சார்னு. நானும் எத்தனையோ வகையில கேவலப்பட்டிருக்கேன், இந்த மாதிரி ஒரு அசிங்கம் எனக்கு நடந்ததில்லை. நீங்க எத்தனை பிள்ளைங்களைப் பாத்திருப்பீங்க, ஒரு பிள்ளையாவது அப்பனை அப்படிக் கூப்பிடுமா? நான் வளர்த்த பையனுக்கு அது வராது. அது தானா வர்ற பேச்சே இல்லை. அந்த வக்கீலம்மாவாத்தான் இருக்கணும். யாரோ அவனை உட்கார வெச்சு, நல்லாப் பழக்கித்தான் விட்டிருக்காங்க சார்.